இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

புனே
11.2.2024

அன்புள்ள முருகம்மா சித்திக்கு,

அபிஷா வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் இவரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி?

போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் கேட்காது. முப்பது வருஷத் தறிச் சத்தத்தில் போன காது. போனை வைத்தால் காதுக்குள் கரப்பான் ஓடுகிறது என்று நீங்களே சொல்வீர்கள். அதனால்தான் கடிதம்.

அம்மா போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. எனக்கு இது மூன்றாவது மாதம். போன தடவை எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்ததால், இந்த முறை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்கிறார் டாக்டர். ரயிலேற விடவில்லை. பெற்றவள் முகத்தைக் கடைசியாக வீடியோவில்தான் பார்த்தேன். மாடியில் குடியிருக்கும் பிரேமலதா அக்காதான் போனைப் பிடித்திருந்தாள். அவள் கை நடுங்க நடுங்க அம்மாவின் முகமும் அசைந்தது. ஒரு கணம் உயிர் இருக்கிறது என்றே நினைத்துவிட்டேன்.

வீட்டுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது. இரண்டு காரியம் செய்ய வேண்டும். மேசைமேல் மேலட்டை இல்லாத ஒரு நூலகப் புத்தகம் இருக்கும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, கொல்லையில் என் மாதுளைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று வருஷத்துக்கு முன் வளைகாப்புக்கு வந்தபோது நான் நட்டது. தழைத்து நிற்கிறது என்று அம்மா மாதாமாதம் இன்லேண்டில் எழுதுவாள். மார்கழியில் பூத்திருக்கிறது என்றும் எழுதினாள். சிரிக்காதீர்கள் சித்தி, அது நிற்கும்வரை இதுவும் என் வயிற்றில் நிற்கும் என்று ஓர் எண்ணம் எனக்கு.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
அபிஷா


சங்கரன்கோவில்
6.3.2024

அன்பு மகள் அபிஷாவுக்கு முருகம்மா சித்தி எழுதிக்கொண்டது. இங்கே கையும் காலும் சுகம், காது பழையபடிதான். உன் சுகமும் உள்ளே இருக்கும் பிள்ளையின் சுகமும் தெரிய ஆசை.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதோடு சரி. இந்தத் தாளை எழுதவே நாலு நாள் ஆனது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

தினமும் காலையில் உங்கள் வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பிச்சி கொத்துக் கொத்தாய்ப் பூக்கிறது. பெயிண்ட் டப்பாவில் அக்கா, அதான் உன் அம்மா, வைத்த கத்தரி காய்த்துவிட்டது. அக்கா பாதியில் விட்ட ஒயர் கூடையை நான் பின்னுகிறேன். அவள் போட்ட முடிச்சுக்கும் என் முடிச்சுக்கும் நடுவே ஒரு கோடு மாதிரி தெரிகிறது.

புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு உன்னிடம் உத்தரவு கேட்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் ராட்டையில் உட்கார்ந்து தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டைகளில் நூல் சுற்றுவேன். உன் அம்மா தாலுகா ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆவதற்கு முன்னால் சனி, ஞாயிறு மட்டும் வருவாள். அப்புறம் தினமும் வந்தாள். என் வலது பக்கம் நாற்காலியைப் போட்டு, கேட்கிற காதுக்கு நேராக வாயை வைத்துப் புத்தகம் படிப்பாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் திருப்புவாள். பதினைந்து வருஷம் இப்படி. நூல் அறுந்தால் நான் முடிச்சுப் போடும்வரை நிறுத்திக்கொள்வாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளம் வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நானே படிக்கலாம் என்று பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் ஓடும். முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன், பழகட்டும் என்று.

இளநீர் குடி.

முருகம்மா


புனே
28.3.2024

அன்புள்ள சித்திக்கு,

இங்கே இருவரும் நலம். நாலாம் மாதம் நடக்கிறது. உங்கள் எழுத்து அழகாகவே இருக்கிறது.

புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். நூலகர் காசிராஜன் சாரிடம் சொல்லித் தேதி போட்டுக்கொண்டால் போதும். பிச்சியும் கத்தரியும் எழுதினீர்கள், மாதுளையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

உங்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். என் குழந்தை போன பிறகு அம்மா எனக்கு முப்பத்தோரு கடிதம் எழுதியிருக்கிறாள். எல்லாம் என் தலைமாட்டில்தான் இருக்கின்றன. செடி, கூடை, மழை, மாதுளை எல்லாம் இருக்கிறது, என் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுகூட “சாப்பிட்டியா மக்கா” என்றுதான் கேட்டாள். அந்தக் கோபத்தில் கடைசி ஆறு மாதம் நான் அவளுக்குப் பதிலே எழுதவில்லை. இப்போது எழுத ஆளில்லை. பேத்தி ஒருத்தி இருந்தாள் என்று அம்மா எப்போதாவது உங்களிடம் பேசியிருக்கிறாளா?

அபிஷா


சங்கரன்கோவில்
2.5.2024

அன்பு மகள் அபிஷாவுக்கு, இங்கே வெயில்தான் கடுமை, மற்றபடி சுகம். உனக்குக் கால் வீங்குகிறதா? உப்பைக் குறைத்துக்கொள்.

நீ கேட்டதை நான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அக்கா என்னிடம் உன் பிள்ளையைப் பற்றிப் பேசியதில்லை. என்னிடம் என் பிள்ளையைப் பற்றியும் பேசியதில்லை. மகாராஜன் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனான், உனக்குத்தான் தெரியுமே. பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அவள் ஒரு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். “நீ பாட்டுக்கு நூலச் சுத்து. நான் பாட்டுக்குப் படிக்கேன்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இந்தப் புத்தகத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. ஆற்றங்கரையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருத்தியின் கதை இது. அவளுக்கு ஒரே பையன். அவனுக்குக் காய்ச்சல் வருகிறது. அக்கா படித்தபோது மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, ரசம் சோறு கேட்டான். அப்புறம் வளர்ந்து பெரிய ஆளாகி, பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்க்கிறான். போன வாரம் நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே பையன் செத்துப்போகிறான்.

புத்தகத்தை மூடிவிட்டேன். நாம்தான் தப்பாய்க் கூட்டியிருப்போம் என்று பிரேமலதாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவளும் செத்துப்போனான் என்றுதான் படித்தாள். அப்படியானால் என் காதுதான் தப்பு. ஆனால் கண்டக்டர் விசில் ஊதியது, சில்லறை இல்லாமல் ஒரு கிழவியிடம் வசவு வாங்கியது எல்லாம் கேட்டு நான் சிரித்திருக்கிறேனே. இல்லாததைக் காது கேட்குமா?

மாதுளை கேட்டிருந்தாய். எல்லாச் செடிக்கும் தண்ணீர் விடுகிறேன்.

முருகம்மா


புனே
27.5.2024

அன்புள்ள சித்திக்கு,

நலம். ஆறாம் மாதம் நடக்கிறது. அதிகம் எழுத உட்கார முடியவில்லை.

அம்மாவுக்குக் கண்புரை இருந்தது, வரி தாண்டிப் படித்திருப்பாளோ? காசிராஜன் சாரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நல்ல சேதி. இவரோடு வேலை பார்க்கும் நியாஸ் அகமதுக்கு ஊர் தென்காசி. ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் லீவில் வருகிறார். சங்கரன்கோவிலில் இறங்கி மாதுளையைப் படமெடுத்து, ஒரு பழமும் பறித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு எட்டாம் மாதம். எனக்கு அந்த மாதத்தை நினைத்தால்தான் பயம். அந்தப் பழம் கைக்கு வந்துவிட்டால் தாண்டிவிடுவேன்.

அபிஷா


சங்கரன்கோவில்
20.6.2024

அன்பு மகள் அபிஷாவுக்கு, சாரல் காற்று வந்துவிட்டது, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ இடது பக்கம் சாய்ந்து படு.

இதை எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்துவிட்டேன்.

நூலகத்துக்குப் போனேன். என் ஆயுசில் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். காசிராஜன் சார், “கோயிலா அம்மா இது, செருப்போட வாங்க” என்றார். அவ்வளவு புத்தகத்தைப் பார்த்த பிறகு கோயில் இல்லையென்று எப்படிச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

இந்தக் கதைக்கு வேறு புத்தகம் உண்டா என்று கேட்டேன். இல்லை, ஒன்றுதான் என்றார். நிர்மலாதேவி அம்மாவா படித்தது என்று அக்கா பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவங்க எந்தப் புத்தகத்தையும் இங்கனயே நாலு நாள் உக்காந்து முழுசா முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு எடுப்பாங்க. படிச்சத ஏன் திரும்ப எடுக்கீயன்னு கேட்டா, இனிமேத்தான் சார் எனக்கு வேலயே இருக்குன்னு சொல்லுவாங்க.”

எனக்கு என்னவோ தோன்றியது. முன்னால் அக்கா படித்த இரண்டு புத்தகங்களை அடையாளம் சொன்னேன். ஒன்று கப்பல் வேலைக்குப் போனவர் கதை, இன்னொன்று தேயிலைத் தோட்டத்துக் கதை. எடுத்துக் கொடுத்தார். கப்பல் கதையில் ஒரு பையன் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகி, கோயில் தேர்ச் சக்கரத்தில் மோதி முட்டியை உடைத்துக்கொள்வான். தேயிலைக் கதையில் ஒரு பையன் கணக்கில் பெயிலாகி, மார்க் ஷீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பான். அன்றைக்கு நான் ராட்டையை நிறுத்திவிட்டு, “இவன வாரியலால நாலு சாத்துனாத்தான் சரிப்படுவான்” என்று கத்தினேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, “அவனப் பெத்தவ மாதிரியே பேசுதியேட்டி முருகு” என்றாள்.

இரண்டு வாரமாக, மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் பக்கம் பக்கமாய்த் தேடினேன். காசிராஜன் சாரும் தேடினார். சைக்கிள் இல்லை. மார்க் ஷீட் இல்லை. பையனே இல்லை, மகளே.

நான் கேட்ட புத்தகம் அத்தனையிலும் ஒரு பையன் வருவான். புத்தகம் என்றாலே அப்படித்தான், எல்லாவற்றிலும் ஒரு பையன் இருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முதல் புத்தகத்தில் அவனுக்கு ஒன்பது வயது. கப்பல் கதையில் பன்னிரண்டு. தேயிலையில் பதினைந்து. கண்டக்டருக்கு இருபத்து நாலு. வாயில் பூவரச இலையைச் சுருட்டி ஊதுவான், எங்கே போனாலும் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு வருவான். நான் பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை பார்.

ஒரு நாள்கூட அவள் தடுமாறியதில்லை. அச்சில் இருப்பதைப் படிக்கிறவள் மாதிரியே கண் வரி வரியாய் ஓடும். சரியான இடத்தில் பக்கம் திரும்பும். என் பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து வருஷம் என் பிள்ளையை வளர்த்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல், என் காதுக்குள்ளேயே. பிரம்மாவைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு இனி அவரெல்லாம் பெரிதாய்த் தெரியாது.

நன்றாகத் தூங்கு.

முருகம்மா


புனே
9.7.2024

அன்புள்ள சித்திக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னேன். பூவரச இலையை ஊதுவது மகாராஜன்தான். அவன் ஊதினால் எங்கள் வீட்டு நாய் ஊளையிடும், அம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள்.

பொறாமையாகவும் இருக்கிறது சித்தி. உங்கள் பிள்ளைக்குப் பதினைந்து வருஷம் கொடுத்தவள், என் பிள்ளைக்கு ஒரு வரி கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் நியாஸ் வருகிறார். பழம் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வையுங்கள்.

அபிஷா


சங்கரன்கோவில்
22.7.2024

அன்பு மகள் அபிஷாவுக்கு,

நேற்றுத் தபசு முடிந்தது. தபசுக் காட்சியில் ஜனம் விளைந்த பருத்தியும் வத்தலும் அம்மன்மேல் வீசிச் சூறை விட்டார்கள். நான் கத்தரிக்காய் விட்டேன், உன் அம்மா பெயரில். உனக்காக அம்மனிடம் நின்று கேட்டுக்கொண்டேன். கேட்ட பிறகுதான் இதை எழுதத் தைரியம் வந்தது. பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு படி.

மாதுளை இல்லை மகளே. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழைக்குப் பிறகு கரையான் பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் என்னவெல்லாமோ செய்தோம். நான் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து தூரில் அப்பினேன். “கரையான் கட்டுன மண்ணயே கரையானுக்கு மருந்தாப் போடுதியே” என்று அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளும் ஒரு கை அள்ளி அப்பினாள். ஒரு மாதத்தில் குச்சியாகிவிட்டது. பிடுங்கி எறிய மனசில்லாமல் விட்டுவைத்து, கடைசியில் அவளே ஒரு நாள் பிடுங்கினாள். அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு இன்லேண்டு எழுதினாள். செடி தழைத்திருக்கிறது என்று எழுதியதை என்னிடம் படித்துக் காட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நர்சரியில் காய் பிடித்த செடியே கிடைக்கும், வாங்கி நட்டுவிடலாம், போட்டோவில் யாருக்குத் தெரியும் என்று பிரேமலதா சொன்னாள். போய்ப் பார்த்தேன். ஒன்றைத் தூக்கிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அக்காவுக்கு அது வந்தது. எனக்கு வரவில்லை. நான் செய்தால் அது உன்னை ஏமாற்றுவதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன கடிதத்திலேயே சொல்லியிருப்பேன், சொன்னால் மாதுளையையும் சொல்ல வேண்டிவரும் என்று பயந்து விட்டுவிட்டேன்.

இந்தப் புத்தகத்தில் கண்டக்டர் பையனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள், வெளியூரில் கட்டிக்கொடுத்தவள். அச்சில் அப்படி யாரும் இல்லை. அவளுடைய மகள் டீக்கடைக்கு வந்து ஆச்சியோடு இருக்கிறாள். மூன்று வயது. பெயர் கனகலட்சுமி. எல்லாரும் கனகு என்பார்கள். மாமன் பஸ்ஸிலிருந்து வந்ததும் டிக்கெட் கட்டைப் பிடுங்கி, கடையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுப்பாள். டீ கிளாஸுக்கும் ஒரு டிக்கெட். நாய்க்கும் ஒன்று. “ர” வராது அவளுக்கு, “அம்பத்தூபா” என்பாள். அதைப் படிக்கும்போது உன் அம்மா நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் அதே வரியைப் படிப்பாள். ஒரு வரியை இரண்டு தடவை அவள் படித்தது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான்.

அடையாளம் வைத்த பக்கத்தில் கடைக்குப் பின்னால் ஒரு மாதுளை மரம் இருக்கிறது. முதல் பழம் பழுத்திருக்கிறது. கனகு அதன் அடியில் நின்று கையைத் தூக்குகிறாள். “நாளைக்குப் படிக்கேன், எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி கரிக்கி” என்று சொல்லி அக்கா டிக்கெட்டை வைத்து மூடினாள். அதுதான் கடைசி.

நீ கேட்டாயே, பேத்தியைப் பற்றிப் பேசினாளா என்று. சாவதற்கு முந்தின மூன்று மாதமும் அதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. எனக்குத்தான் அது உன் பிள்ளை என்று தெரியவில்லை.

நியாஸ் தம்பி வந்தால் வீட்டைத் திறந்து காட்டுவேன். படமெடுக்கக் குழிதான் இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு.

முருகம்மா


சங்கரன்கோவில்
1.9.2024

அன்பு மகள் அபிஷாவுக்கு,

நாற்பது நாளாயிற்று, பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்டு, அவர் இப்போது தெருவை மாற்றிப் போகிறார். பிரேமலதா போன் போட்டால் எடுக்க ஆளில்லை. நியாஸ் தம்பி வந்தார். குழியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், அவரிடம் உன் சேதி கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. எழுதாமல் இருந்திருக்கலாம் என்று ஆயிரம் தடவை நினைத்துவிட்டேன். திட்டியாவது ஒரு வரி எழுது. சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

முருகம்மா


புனே
8.9.2024

அன்புள்ள சித்திக்கு,

கனகுவுக்குத் தம்பி பிறந்திருக்கிறான்.

ஆகஸ்ட் பன்னிரண்டு. இரண்டு கிலோ நானூறு. பதினாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இவரும் நானும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம், எங்கள் போன் யார் கையிலும் இல்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். பால் குடிக்கிறான். அழுகைச் சத்தத்தைக் கேட்டால் உங்கள் இடது காதும் திறந்துவிடும்.

கடிதம் வந்த அன்று படித்துவிட்டு இவர் பயந்துபோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மாதுளை பெரிதாகவே படவில்லை சித்தி. பெயரைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வளைகாப்பன்று அம்மா எனக்குத் தலை பின்னும்போது, பெண்ணாகப் பிறந்தால் கனகலட்சுமி என்று வைக்கப் போகிறேன் என்று அவள் காதில் மட்டும் சொன்னேன். இவருக்குக்கூடத் தெரியாது. பிறகு அந்தப் பெயரை நான் வாயாலேயே சொன்னதில்லை. உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை, எட்டாம் மாதம் முடியும்வரை கனகு நாய்க்கு டிக்கெட் கொடுப்பதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

தை பிறந்ததும் பிள்ளையோடு வருகிறேன். புத்தகத்துக்குத் தேதி போட்டு வைத்திருங்கள். உங்கள் வலது பக்கம் உட்கார்ந்து படிக்கிறேன். அச்சில் இருப்பதைப் படிக்க மாட்டேன். அம்மா அளவுக்கு எனக்கு வராது. தடுமாறுவேன்.

அபிஷா


சங்கரன்கோவில்
19.9.2024

அன்பு மகள் அபிஷாவுக்கும் என் பேரனுக்கும்,

உன் கடிதத்தைப் பிரித்ததும் தறிக்கூடத்தில் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, முதல் வரியைச் சத்தம் போட்டுப் படித்தேன். கனகு யாரென்று கேட்டார்கள். “எங்க அபிஷாவோட மூத்தவ, டீக்கடையில ஆச்சிகிட்ட வளருதா” என்றேன். எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது பார்.

பிள்ளைக்கு மூக்கைப் பிடித்து நீவி விடு. குளிரில் வெளியே கொண்டுபோகாதே. ஒயர் கூடை முடிந்துவிட்டது, அவன் துணி போட ஆகும். காசிராஜன் சார் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கவில்லை.

நாற்காலியைத் துடைத்து அதே இடத்தில் போட்டிருக்கிறேன். தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு மேல் நான் படிக்கவில்லை, இனிப் படிக்கவும் மாட்டேன். நீ தடுமாறினால் பரவாயில்லை, நூலை அறுத்துவிட்டு முடிச்சுப் போடுகிற மாதிரி நேரம் தருகிறேன்.

மகாராஜனுக்குப் பெண் பார்க்கிற வயசாகிவிட்டது, அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திற. கனகு தை மாதத்திலிருந்து மரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கால் வலிக்கும்.

முருகம்மா